குளிர்த்தும் நீரும் சுண்ணப் படிவும்



இங்கிலாந்தின் டிட்கொட் அனல்மின் நிலையத்தில் ஆறு பெருங் கோபுரங்கள் நின்றன. நிலையம் 2013 இல் மூடப்பட்டது. கோபுரங்கள் 2014 இலும் 2019 இலும் தகர்க்கப்பட்டன. அவற்றிலிருந்து எழுந்த வெண்முகிலைப் புகை என்றே பலரும் எண்ணினர். அது புகையன்று, தேம்ஸ் ஆற்றின் நீர்.

சுழலியை இயக்கி வெளிவரும் நீராவியை மீண்டும் நீராக்குவதற்குக் குளிர்நீர் ஓடும் குழாய்கள் வேண்டும். அங்கே சூடேறிய நீர் கோபுரத்தினுள்ளே மழைபோல் வீழ்ந்து, ஒரு பகுதி ஆவியாக, எஞ்சியது குளிர்ந்து மீண்டும் குழாய்க்குச் செல்லும். ஆவியாவது தூய நீர் மட்டுமே. சுண்ணாம்புக்கல் நிலத்தூடாக வந்த ஆறு கரைத்துக் கொணர்ந்த உப்புக்கள் பின்தங்கி, சுற்றுக்குச் சுற்று செறிவடையும்.

சீனி சூடான தேநீரில் நன்கு கரையும். கல்சியம் காபனேற்றோ இதற்கு நேர்மாறானது. நீர் சூடாகும்போது அதிலுள்ள கல்சியம் இருகாபனேற்று பிரிந்து, காபனீரொட்சைட்டு வெளியேற, கரையாத காபனேற்று படியும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் காய்ச்சிய கேத்தலின் அடியிற் கண்ட வெண்படலம் பெற்றோருக்கு நினைவிருக்கும். ஆகவே படிவு உண்டாவது குழாயின் மிகச் சூடான சுவரில், அதாவது வெப்பம் தடையின்றிக் கடக்கவேண்டிய அதே இடத்தில். செம்பு இப்படிவைவிட நூறு மடங்குக்கு மேலாக வெப்பத்தைக் கடத்தும் என்றால், மெல்லிய படலமும் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். எரிபொருள் வீணாகும், முற்றினால் பொறியை நிறுத்தவேண்டியதுதான்.

இதனைத் தடுக்கும் முதல்வழி, செறிந்த நீரிற் சிறிது திறந்துவிட்டுப் புதுநீர் சேர்த்தல். மணிக்கு 90 லீற்றர் ஆவியாகிறது எனக் கொள்வோம். 30 லீற்றர் திறந்துவிட்டால் 120 லீற்றர் புதுநீர் வேண்டும். செறிவு 4 மடங்கில் நிற்கும். 10 லீற்றர் மட்டும் திறந்துவிட்டால் 100 லீற்றர் போதும். செறிவோ 10 மடங்காகும். 20 லீற்றரை மிச்சம் பிடிக்கப் புகுந்தவர் குழாயை இழப்பர்.

சல்பூரிக்கமிலம் சேர்த்து இருகாபனேற்றைக் குறைப்பதும் உண்டு. அளவு மிஞ்சினால் அமிலம் உலோகத்தையே அரிக்கும். லீற்றருக்குச் சில மில்லிகிராம் பொஸ்போனேற்றுச் சேர்மங்கள் இடுவது நுட்பமான முறை எனலாம். அவை நுண்பளிங்குகளின் மேற்பரப்பிற் பற்றிக்கொண்டு, அவற்றை வளரவிடாது தடுக்கும்.

பயிற்சி: மேற்கூறிய கோபுரத்தில் மணிக்கு 45 லீற்றர் திறந்துவிட்டால் செறிவு எத்தனை மடங்காகும்? விடையைத் தமிழிலேயே விளக்கி எழுதி வாருங்கள்.