சுழலும் தண்டும் வளையும் மூட்டும்

மோட்டார் வண்டியின் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவோர் பலர்; சக்கரத்தைப் பற்றிப் பேசுவோரும் பலர். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, இயந்திரத்தின் ஆற்றலைச் சக்கரத்திற்குக் கொண்டு சேர்க்கும் தண்டினையும் மூட்டுகளையும் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. வண்டியின் அடியில், சேற்றிலும் புழுதியிலும் உழலும் அவ்வுறுப்புகள், ஒருநாள் முறிந்து வண்டி நடுவழியில் நின்ற பின்னரே நினைவுக்கு வருகின்றன. ஊர்தோறும் டிராக்டரும் சரக்கு வண்டியும் பெருகிவிட்ட இந்நாளில், இவற்றின் இயல்பை அறிவது ஓட்டுநருக்கு மட்டுமன்றி உழவர் ஒவ்வொருவருக்கும் பயன் தரும். சில வேளைகளில் உயிரையும் காக்கும்.

ஆற்றல் செல்லும் வழி

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற பின்னர், ஜீப் வண்டி கிராமத்தாருக்கு நன்கு அறிமுகமாயிற்று. அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வண்டியின் முன்புறத்தில் இயந்திரம் உள்ளது. அதனுள் மேலும் கீழும் இயங்கும் பிஸ்டன்களின் அசைவு, வளைதண்டினால் சுழற்சியாக மாறுகிறது. அச்சுழற்சி கிளட்ச் வழியாகக் கியர் பெட்டியை அடைந்து, அங்கிருந்து மற்றொரு பெட்டியின் வழியாக இரு நீண்ட தண்டுகளாகப் பிரிகிறது. ஒன்று பின் அச்சுக்கும், மற்றொன்று முன் அச்சுக்கும் செல்கிறது. தண்டு அச்சைச் சேருமிடத்தில் உள்ள பற்சக்கரங்கள், நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்குவாக்கில் திருப்பி, இடம் வலம் ஆகிய இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கின்றன.

தண்டு நிமிடத்திற்கு 2,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அச்சிலுள்ள பற்சக்கரங்கள் அதனை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால், சக்கரம் நிமிடத்திற்கு 500 முறை சுழலும். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் எனின், வண்டி நிமிடத்திற்கு 1,000 மீட்டர், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லும். வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும்போது, உராய்வினால் ஏற்படும் சிறு இழப்பு நீங்கலாக, திருப்புவிசை ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகுகிறது. மேட்டில் ஏறும் வலிமை இவ்வாறே கிடைக்கிறது.

தண்டு குழாயாக இருப்பதேன்?

இத்தண்டு பெரும்பாலும் கெட்டியான இரும்புக் கோலன்று. உள்ளே வெற்றிடமுள்ள எஃகுக் குழாயே. ஈர வேட்டியை முறுக்கிப் பிழிவது போல இயந்திரம் தண்டினை ஒருபுறம் முறுக்க, சக்கரம் மறுபுறம் தடுத்து நிற்கிறது. அம்முறுக்கைத் தாங்குவதில் தண்டின் வெளிப்பகுதியே பெரும் பங்கு கொள்கிறது. நடுப்பகுதியின் பங்கு மிகச் சிறிது. பயன் குறைந்த அந்நடுப்பகுதியை நீக்கிவிட்டால் எடை குறையும், உறுதி அவ்வளவாகக் குறையாது. உள்ளே கூடாக இருந்தும் மூங்கில் காற்றைத் தாங்கி நிற்பதை நாம் அறிவோமல்லவா?

மூட்டு எதற்காக?

இயந்திரமும் கியர் பெட்டியும் வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டவை. பின் அச்சோ வில்பட்டைகளின் துணையால் தொங்குவது. சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அச்சும் இறங்கும். மேட்டில் ஏறினால் அச்சும் எழும். ஒருமுனை அசையாமலும் மறுமுனை ஓயாமல் அசைந்துகொண்டும் இருக்க, இடையே வளையாத தண்டு ஒன்றைப் பொருத்தினால் அது முதற் பள்ளத்திலேயே முறிந்துபோகும். ஆகவே தண்டின் இரு முனைகளிலும் வளையும் மூட்டு தேவைப்படுகிறது.

அதன் அமைப்பு எளியது. இரு தண்டுகளின் முனைகளும் மரக்கிளையின் கவை போல இரண்டாகப் பிரிந்துள்ளன. ஒரு கவை நிமிர்ந்தும் மற்றொன்று படுத்தும் இருக்க, கூட்டற்குறி வடிவான இரும்புத் துண்டொன்று நடுவே அமர்ந்து இரண்டையும் இணைக்கிறது. பட்டறையில் இதனைக் ‘கிராஸ்’ என்பர். இதன் நான்கு முனைகளிலும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் அடங்கிய கிண்ணங்கள் உள்ளன. ஒரு கவை மேலும் கீழுமாகவும், மற்றது இடமும் வலமுமாகவும் அசைய இயலுமாதலால், தண்டு எத்திசையில் சாய்ந்தாலும் சுழற்சி தடைப்படுவதில்லை.

16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும், 17ஆம் நூற்றாண்டில் இதனை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக்கின் பெயராலும் இம்மூட்டு வழங்கப்படுகிறது. மோட்டார் வண்டி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே கண்ட உண்மை, பின்னர் வண்டிக்கு உறுப்பாயிற்று.

ஒரு குறையும் அதன் தீர்வும்

இம்மூட்டிற்கு ஓர் இயற்கைக் குறை உண்டு. அது வளைந்த நிலையில் சுழலும்போது, உள்ளே வரும் சுழற்சி சீராக இருப்பினும் வெளியே செல்லும் சுழற்சி சீராக இராது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். வளைவு 10 பாகையாயின் இவ்வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரை அளவே மிகுந்தும் குறைந்தும் இருக்கும். 30 பாகையாயின், நிமிடத்திற்கு 540 சுற்று என்னும் வேகம் ஒரே சுற்றுக்குள் 468க்கும் 624க்கும் இடையே ஊசலாடும்.

இதற்குத் தீர்வு, தண்டின் மறுமுனையில் இரண்டாம் மூட்டு ஒன்றை வைப்பதாகும். இரு மூட்டுகளின் வளைவும் சமமாக இருந்து, நடுத்தண்டின் இருமுனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமைந்திருப்பின், முதல் மூட்டு உண்டாக்கும் ஏற்றத்தாழ்வை இரண்டாவது மூட்டு நீக்கிவிடும். தண்டினைக் கழற்றி மீண்டும் பூட்டும்போது கவைகள் தளம் மாறிவிட்டால், பழுதற்ற உறுப்புகளைக் கொண்டே வண்டி நடுங்கத் தொடங்கும். ஆதலின் கழற்றுமுன் இரு பகுதிகளிலும் நேர்க்கோடாக ஓர் அடையாளம் இடுவது சிறந்த பழக்கம்.

அச்சு ஏறி இறங்கும்போது தண்டின் நீளமும் சிறிது கூடிக் குறைய வேண்டியுள்ளது. இதற்காகத் தண்டின் ஒரு பகுதி மற்றொன்றினுள் வரிப்பற்களின் மேல் முன்னும் பின்னும் நழுவுமாறு அமைக்கப்பட்டுள்ளது. நீளம் மாறினும், பற்கள் பிடித்துக்கொள்வதால் சுழற்சி விடுபடுவதில்லை.

முன் சக்கரங்களுக்கு ஆற்றல் தரும் கார்களில் தேவை இன்னும் பெரிது. அங்கே சக்கரம் சுழலவும் வேண்டும், சாலை வளைவில் பெருங்கோணத்தில் திரும்பவும் வேண்டும். 1920களில் ஆல்பிரெட் செப்பா என்னும் பொறியாளர் வகுத்த, எஃகுக் குண்டுகள் கொண்ட மூட்டு இதற்குத் துணை செய்கிறது. குண்டுகள் எப்போதும் இரு தண்டுகளின் நடுக்கோணத்தில் நிற்குமாறு அமைவதால் வேகம் ஏறியிறங்குவதில்லை. நம் நாட்டில் 1983இல் வெளிவந்த மாருதி 800 முன் சக்கர இயக்கத்தைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது.

பேணும் முறை

மூட்டின் பகை இரண்டு: வறட்சியும் புழுதியும். கிரீஸ் இடும் துளையுள்ள மூட்டாயின், உற்பத்தியாளர் குறித்த காலத்தில், நான்கு முனைகளிலும் புதுக் கிரீஸ் தலைகாட்டும் வரை இடுதல் வேண்டும். குண்டு மூட்டின் மேலுள்ள ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்க, மண் உள்ளே புகும். உறையை உடனே மாற்றினால் சிறு செலவு, காலந்தாழ்த்தினால் மூட்டையே மாற்ற வேண்டிய பெருஞ்செலவு.

நோயின் அறிகுறிகளையும் அறிதல் நன்று. வண்டி புறப்படுகையில் ‘டக்’ என்ற ஒலி கேட்பின் கிராஸ் தேய்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம் தோன்றின் தண்டு வளைந்ததோ, எடைச் சமன் இழந்ததோ என ஐயுற வேண்டும். திரும்பும்போது மட்டும் ‘கடகட’ என்னும் ஒலி குண்டு மூட்டின் தேய்வைக் காட்டும். முன் மூட்டு முறிந்து தண்டின் முனை சாலையில் ஊன்றினால், ஓடும் வண்டி பேரிடருக்கு உள்ளாகும். இன்னொன்று: தண்டின்மீது முறுக்கு மிகுந்திருப்பது முதல் கியரில். சேற்றில் அழுந்திய வண்டியை மீட்கக் கிளட்சைத் திடீரென விடுவது மூட்டை நாமே உடைப்பதற்கு ஒப்பாகும்.

டிராக்டர் உடையோர் கவனத்திற்கு

இதே தண்டும் மூட்டும் டிராக்டரின் பின்புறத்தில், ரோட்டவேட்டர், கதிரடிக்கும் இயந்திரம் முதலியவற்றை இயக்கும் பி.டி.ஓ. தண்டாக உள்ளன. கார்த் தண்டு வண்டியின் அடியில் மறைந்திருக்கிறது. இதுவோ மனிதர் நடமாடும் இடத்தில் வெளிப்படையாகச் சுழல்கிறது. இதன் வழக்கமான வேகம் நிமிடத்திற்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று. தண்டின் சுற்றளவு 22 சென்டிமீட்டர் எனின், நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் துணியை அது சுருட்டிக்கொள்ளும். நாலு முழ வேட்டி முழுவதும் உள்ளே செல்ல ஒரு நொடி போதும். கூவி அழைக்கவும் நேரமிராது. ஓட்டுநர் இறங்கி நிறுத்தவும் நேரமிராது.

இதனைத் தடுக்கவே தண்டின்மேல் பிளாஸ்டிக் உறை ஒன்று உள்ளது. உள்ளே தண்டு சுழல, உறை சுழலாதிருக்கச் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கும். நாம் சென்று பார்த்த ஊர்கள் சிலவற்றில், கிரீஸ் இடுவதற்கு இடையூறு என்று இவ்வுறையைக் கழற்றி மாட்டுக் கொட்டகையின் மூலையில் போட்டிருக்கக் கண்டோம். உறையின் விலை சிறிது; கையும் உயிரும் விலைக்குக் கிடைப்பனவல்ல.

ஆகவே உழவர் பெருமக்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்வார்களாக. உறையில்லாத தண்டினை இயக்க வேண்டா. சுழலும் தண்டினைத் தாண்டவும் வேண்டா, அதனருகே குனியவும் வேண்டா. துண்டு, சேலை முந்தானை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றோடு யாரும் அருகில் நிற்கலாகாது. அடைப்பை நீக்குமுன் இயந்திரத்தை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்க. வயலின் கோடியில் கருவியை உயரத் தூக்கித் திரும்பும்போது மூட்டின் வளைவு மிகுமாதலால் சுழற்சியை நிறுத்துக. மிகு பளு நேர்ந்தால் தான் முறிந்து தண்டைக் காப்பதற்கென வைக்கப்பட்ட மறையாணிக்குப் பதிலாக வலிய ஆணியைப் பூட்டற்க.

இயந்திரங்கள் நமது உழைப்பைக் குறைக்க வந்தவை. அவற்றின் ஆற்றல் செல்லும் வழியை அறிந்து, அவ்வழியில் நாம் குறுக்கிடாதிருந்தால், அவை நெடுங்காலம் நமக்குத் துணை நிற்கும். இன்று மாலையே தங்கள் டிராக்டரின் பின்புறம் சென்று, தண்டின் உறை இருக்கிறதா, சங்கிலி பூட்டப்பட்டுள்ளதா என ஒருமுறை பார்த்துவிடுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.