காடில்லா நாட்டில் காட்டுச் சீருடை

கேள்வி: ஆப்கானிஸ்தான் மறுசீரமைப்புக்கு அமெரிக்கா கொட்டிய பணத்தை யாரும் தணிக்கையே செய்யவில்லையா?

பதில்: நன்றாகவே செய்தார்கள். 2008இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே ‘சிகார்’ என்ற தனி அமைப்பை உருவாக்கியது. 2012 முதல் அதன் தலைவராக இருந்த ஜான் சாப்கோ பென்டகனுக்குத் தீராத தலைவலி. சுமார் 55 கோடி டாலர் திட்டத்தில் வாங்கிய 20 இத்தாலிய சரக்கு விமானங்களில் 16, காபூலிலேயே உடைத்து எடைக்குப் போடப்பட்டதைக் கேள்வி கேட்டவர் அவர்தான்.

ஆப்கன் ராணுவச் சீருடைக் கதை இன்னும் சுவாரஸ்யம். நாட்டில் காடு 2 சதவீதம்தான். ராணுவத்துக்கோ காட்டில் பதுங்குவதற்கான பச்சை உடை! டிசைனை இணையத்தில் பார்த்த ஆப்கன் அமைச்சருக்கு அது பிடித்துப்போயிற்று என்கிறது சிகார் அறிக்கை. தனியார் உரிமையுள்ள டிசைன் வேறு. கூடுதல் செலவு 2.8 கோடி டாலர் வரை.

அப்புறம் ஏன் விரயம் நிற்கவில்லை? சிகாரால் தோண்ட முடிந்தது, பரிந்துரைக்க முடிந்தது, மோசடியென்றால் வழக்குக்கு அனுப்ப முடிந்தது. செலவைத் தடுக்கும் அதிகாரம் இருக்கவில்லை. அந்த அதிகாரம் பென்டகனிடமும் வெளியுறவுத் துறையிடமும்தான் இருந்தது. அங்கேயோ, ஒதுக்கிய நிதியைச் சீக்கிரம் செலவழிப்பவரே திறமையான அதிகாரி!