ஈ, தா, கொடு: உழவர் சந்தையில் ஏழைத் தாய்

இரத்தற்பொருளில் வரும் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் தொல்காப்பியர் எச்சவியலில் வேறுபடுத்திக் காட்டுகின்றார். தாழ்ந்தோன் கேட்குங்கால் 'ஈ' என்பான். ஒத்தவன் 'தா' என்பான். உயர்ந்தோன் 'கொடு' என்பான். கேட்கப்படும் பொருள் ஒன்றே; கேட்பவன் நிற்கும் இடமே வேறு. இப்பகுதியைப் பாடம் நடத்தும்போதெல்லாம், 'இன்று யார் இவ்வாறு பிரித்துப் பேசுகின்றனர்?' என்று மாணாக்கர் வினவுவதுண்டு. சொல்வழக்கு அருகிவிட்டது உண்மையே. ஆனால் அச்சொற்கள் சுட்டிய நிலைவேறுபாடு அருகிவிடவில்லை. வறியோர்க்கு அரசு உணவளிக்கும் இடங்களில் அது இன்றும் தெளிவாகப் புலப்படும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் உழவர் சந்தைகளில் நடைபெறும் ஓர் உதவித் திட்டத்தை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வோம்.

1980ஆம் ஆண்டு. பாஸ்டன் நகரின் டார்செஸ்டர் பகுதியில் நடைபெற்ற உழவர் சந்தைக்குக் கஸ் சூமேக்கர் என்பார், உழவரான தம் உடன்பிறந்தவருக்குத் துணையாகச் சென்றிருந்தார். பேரிக்காய்ப் பெட்டியொன்று உடைந்து காய்கள் தெருவோரம் சிதறின. இளந்தாய் ஒருத்தி தன் இரு சிறுவரோடு அவற்றைப் பொறுக்கத் தொடங்கினாள். அரசு உதவியைக் கொண்டு வாழ்பவள் அவள். புதுக்கனி வாங்கும் வசதி அவளுக்கு இல்லை. தாம் விற்கும் பொருளைக் கீழே விழுந்த பின்னரே ஒரு தாய் எடுக்க முடிகிறது என்னும் நிலை சூமேக்கரின் உள்ளத்தை விட்டு அகலவில்லை. பின்னாளில் அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வேளாண் ஆணையர் ஆனார். 1986இல் அம்மாநிலத்தில் ஏழைத் தாய்மார்க்கு உழவர் சந்தைச் சீட்டு வழங்கும் முறை தோன்றியது. வேறு சில மாநிலங்களிலும் செய்து பார்க்கப்பட்ட பின், 1992இல் அமெரிக்கப் பேரவை அதனை நாடு தழுவிய சட்டமாக்கிற்று.

இதற்கு அடித்தளமாய் அமைந்தது 'விக்' எனச் சுருக்கி வழங்கப்பெறும் திட்டம். 1972இல் சோதனையாகத் தொடங்கி 1975இல் நிலைபெற்ற அது, கருவுற்ற மகளிர், அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மார், கைக்குழந்தைகள், ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர் ஆகியோர்க்கு உரியது. பால், முட்டை, பாலாடைக்கட்டி, தானிய உணவு, பழச்சாறு என அதன் பட்டியல் நெடுங்காலம் இருந்தது. முழுமையாகத் தாய்ப்பாலூட்டும் அன்னையர்க்குரிய காரட் போன்ற சிறு விலக்கு நீங்கலாகப் பச்சைக் காய்கனிகளுக்கு அதில் இடமில்லை. 2009ஆம் ஆண்டளவில்தான் காய்கனி வாங்கத் தனித்தொகை சேர்ந்தது. ஆகவே, 1992இன் சந்தைச் சீட்டு பலருக்கு உண்மையான இடைவெளி ஒன்றை நிரப்பியது எனலாம்.

சீட்டைக் கொண்டு உள்ளூரில் விளைந்த, சமைக்கப்படாத காய், கனி, மணப்பூண்டுகளை மட்டுமே வாங்கலாம். தேன், முட்டை, இறைச்சி, பாலாடைக்கட்டி முதலியன கூடா. பிறர் விளைத்ததை மட்டுமே வாங்கி விற்கும் வணிகர்க்கு இதில் இடமில்லை. தாய்க்கும் உழவர்க்கும் ஒருசேரப் பயன் கிட்டவேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம்.

விதிகளுள் நம் கருத்தைக் கவர்ந்தவை வேறு சில. சீட்டுடன் வருவோரிடம் பிறரிடம் பெறும் விலையினும் மிகுதியாகப் பெறலாகாது. பிற வாடிக்கையாளர்க்குக் காட்டும் அதே மரியாதையை இவர்க்கும் காட்டவேண்டும். சீட்டுக்குரிய தொகையை மாநிலம் தரவில்லையெனில் அதனைத் தாயிடம் கேட்டல் கூடாது. மரியாதையை ஒரு விதியாகவே எழுதிவைக்க நேர்ந்தது ஏன் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுதாவிடில் அது கிட்டாது என்னும் அச்சம் சட்டம் வகுத்தோர்க்கு இருந்திருக்கும் என்பதே நம் துணிபு. அலுவலகத்தில் 'ஈ' என நின்றவள் சந்தையில் 'தா' எனக் கேட்பதற்கு இவ்விதிகள் வழி செய்கின்றன. அவள் பழத்தைக் கையிலெடுத்துப் பார்க்கலாம். வேண்டாமெனில் அடுத்த கடைக்குச் செல்லலாம்.

இனி, குறைகளையும் கூறவேண்டும். கூட்டரசு நிதியிலிருந்து ஒருவர்க்கு வழங்கப்படும் தொகை ஆண்டுக்கு 10 டாலருக்குக் குறையாமலும் 30 டாலருக்கு மிகாமலும் இருக்கவேண்டும். திங்களுக்கு அன்று, ஆண்டுக்கு! மாநிலங்கள் தம் பங்காகக் கூடுதல் சேர்க்கலாம் என்பது ஒருவகை ஆறுதலே. நம் ஊர் உழவர் சந்தையை நினைத்து, அங்கும் விலை மலிவாக இருக்கும் எனக் கொள்ளலாகாது. பேரங்காடியைக் காட்டிலும் விலை மிகுந்த பொருள்களும் அங்குண்டு. ஒன்றிரண்டு முறை சென்று வந்தால் சீட்டு தீர்ந்துவிடும். மேலும், சீட்டின் மதிப்பிற்குக் குறைவாக வாங்கினால் மீதிக்காசு கிடையாது. இருநூறு ரூபாய்த் தாளை நீட்டி நூற்றெழுபது ரூபாய்க்குக் காய் வாங்கிய ஒருவரை, மீதியின்றி அனுப்ப எந்தக் கடைக்காரர் துணிவார்? மரியாதையில் பிறர்க்கு நிகராக நிறுத்திய சட்டம் சில்லறையில் பிரித்துவிடுகிறது.

தொகையை உயர்த்தினால் பயன் விளையுமா என்னும் வினாவிற்கு, லாஸ் ஏஞ்சல்சில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு விடை தருகின்றது. அதில் அண்மையில் பிள்ளை பெற்ற ஏழைத் தாய்மார்க்குக் கிழமைக்கு 10 டாலர் வீதம் ஆறு திங்கள் காய்கனிச் சீட்டு தரப்பட்டது. சிலர்க்கு உழவர் சந்தை, சிலர்க்குப் பேரங்காடி. இரு சாராரும் காய்கனி உண்பது பெருகிற்று. சந்தைக்குச் சென்றோரிடம் பெருக்கம் மிகுதி. சீட்டு நின்று ஆறு திங்கள் கழிந்த பின்னும் அப்பழக்கம் நீடித்தது. ஏழையர்க்குப் பழத்தின் அருமை தெரியாது எனப் பேசுவோர் இதனை நோக்குவாராக.

பல மாநிலங்களில் காகிதச் சீட்டு நீங்கி மின்னணு முறை வந்துகொண்டிருக்கிறது. எனினும், சந்தை கூடும் நாளையும் நேரத்தையும் மின்னணு முறை மாற்றிவிடாது. கிழமையில் ஒரு நாள், சில மணி நேரமே கூடும் சந்தை, கூலிவேலைக்குச் செல்லும் தாயின் பணிநேரத்தில் கூடினால் அவள் வரவியலாது. பேருந்து இல்லாத இடமாயின் கைக்குழந்தையோடு நடக்கவேண்டும். குளிர்காலம் நெருங்கிப் பருவம் முடியும்போது, செலவழியாத சீட்டு செல்லாததாகிவிடுகிறது.