வீட்டைக் காக்கும் ஏடுகள்

பால்மரம் சீவி முதுமையடைந்த நம் மக்களுக்குச் சொந்த வீடு என்பது ஒரு தலைமுறையின் வியர்வை. இலயத்து வீடு வேலை உள்ளவரைதான் நமக்கு. வேலை முடிந்தால் அதைவிட்டு வெளியேற வேண்டியதுதான். ஆதலால்தான் ஊழியர் சேமநிதிப் பணத்தையும் மனைவியின் நகையையும் திரட்டிப் பலர் பட்டணத்து ஓரத்தில் ஒரு வீட்டை வாங்குகின்றனர்.

அவ்வாறு நம்மவர் குடியேறிய இடங்களுள் சுங்கை வே வட்டாரமும் ஒன்று. அருகிலுள்ள பெட்டாலிங் ஜெயா நகரமே 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்து நிலத்தில் எழுந்ததாகும். இன்று அங்கே பால்மரங்கள் இல்லை. எஃபிங்ஹாம், சீபோர்ட் என்னும் தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் மட்டும் நிலைத்திருக்கின்றன. முன்பு ஏக்கர்க் கணக்கில் விலைபேசிய மண் இன்று சதுர அடிக் கணக்கில் விற்கிறது. அந்த மண்ணில் சிறு வீடு உடையவரும் பெருஞ்சொத்துக்கு உரியவரே.

எனினும், வீட்டை வாங்கியதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. நெருப்பும் வெள்ளமும், கட்டாமல் விட்ட வரி, இறந்தவர் பெயரிலேயே கிடக்கும் நிலப்பட்டா ஆகிய மூன்றும் அதற்குப் பகைகளாகும். இம்மூன்றையும் வெல்லும் வழிகளை இங்கே காண்போம்.

காப்புறுதி எவ்வளவுக்கு?

வீட்டின் விலையில் இரு பகுதிகள் உண்டு: ஒன்று நிலம், மற்றொன்று கட்டடம். நெருப்பு நிலத்தை அழிப்பதில்லை. ஆதலின் தரைவீட்டுக்குக் காப்புறுதி எடுக்கும்போது சந்தை விலையைக் கணக்கிற் கொள்ளாமல், அதே கட்டடத்தை இன்று மீண்டும் கட்டுவதற்கு ஆகும் செலவையே கணக்கிட வேண்டும். பின்புறம் சமையற்கட்டை நீட்டிக் கட்டியிருந்தால் அதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொகையைக் குறைத்துக் காட்டிச் சந்தாவை மிச்சப்படுத்தலாம் என எண்ணுவோர் உளர். ஒரு கணக்கைப் பாருங்கள். வீட்டைத் திரும்பக் கட்ட 120,000 வெள்ளி ஆகும். உரிமையாளரோ 60,000 வெள்ளிக்கே காப்புறுதி எடுத்துள்ளார். தீயினால் 40,000 வெள்ளி சேதம் நேர்கிறது. 40,000 வெள்ளியும் கிடைக்கும் என்று அவர் நம்புகிறார். ஆனால், பாதி மதிப்புக்கே காப்புறுதி செய்ததால், சேதத்திலும் பாதியே, அதாவது 20,000 வெள்ளியே, அவருக்குக் கிடைக்கக்கூடும். எஞ்சிய பாதிக்கு அவரே பொறுப்பாவார்.

சாதாரணத் தீக் காப்புறுதி நெருப்பு, இடி போன்ற சில ஆபத்துகளுக்கு மட்டுமே. வெள்ளத்தைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வீட்டுரிமையாளர் காப்புறுதியில் பொதுவாக வெள்ளம் அடங்கும். மண்சரிவு பெரும்பாலும் அடங்குவதில்லை. இவை இரண்டும் கட்டடத்துக்கு உரியவை. கட்டில், தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி முதலியவற்றுக்கு வீட்டுப் பொருள் காப்புறுதி வேறாக எடுத்தல் வேண்டும்.

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளங்கள் வெள்ளத்தில் மூழ்கியதையும், 1-4-2025 அன்று புத்ரா ஹைட்சில் எரிவாயுக் குழாய்த் தீ வீடுகளைச் சுட்டெரித்ததையும் நாம் மறப்பதற்கில்லை. இரண்டும் சுங்கை வேக்கு வெகு தொலைவில் இல்லாத இடங்கள்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டுக் கடன் உள்ளவரை வங்கியே காப்புறுதியை வற்புறுத்தும். கடன் தீர்ந்தபின் நினைவூட்டுவார் எவருமிலர். நாமே ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடுக்குமாடி வீடாயின், கட்டடத்துக்குக் காப்புறுதி எடுப்பது நிர்வாக அமைப்பின் கடமை. நாம் பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்தாதிருந்தால் அக்கடமை எங்ஙனம் நிறைவேறும்?

இரு வரிகள்

வீட்டுக்கு ஆண்டுதோறும் இருவகை வரிகள் உண்டு. மாநில அரசுக்குரிய நிலவரியை நில அலுவலகத்தில் செலுத்துகிறோம். சிலாங்கூரில் இதற்குரிய கடைசி நாள் மே 31. அடுக்குமாடி வீட்டாருக்கு இதன் இடத்தில் தனி வீட்டு வரி வரும். மற்றொன்று, நாம் 'சுக்காய் பிந்து' என வழங்கும் மதிப்பீட்டு வரி. சுங்கை வே மக்கள் இதனைப் பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றத்துக்குப் பிப்ரவரி இறுதிக்குள் ஒரு முறையும், ஆகஸ்டு இறுதிக்குள் மறுமுறையும் செலுத்த வேண்டும்.

வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கொண்டு மதிப்பீட்டு வரி கணக்கிடப்படுகிறது. மாதம் 800 வெள்ளி வாடகை பெறத்தக்க வீட்டின் ஆண்டு மதிப்பு 9,600 வெள்ளி. வரி நூற்றுக்கு 4 என வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 384 வெள்ளியாகும். மதிப்பு மிகையென்று தோன்றினால், மன்றத்தின் அறிவிப்பில் குறித்த காலத்துக்குள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கலாம்.

மதிப்பீட்டு வரி நிலுவையானால் வீட்டுப் பொருள்களைக் கைப்பற்றி ஏலமிட மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நிலவரியோ இன்னும் கடுமையானது. முறையான அறிவிப்புக்குப் பின் மூன்று மாதத்துக்குள் செலுத்தாவிடில் நிலத்தையே அரசு பறிமுதல் செய்யலாம். சில நூறு வெள்ளிக்காக வீட்டையே இழப்பது அறிவுடைமை ஆகுமா?

'எஸ்டேட் வரி' அச்சம்

'எஸ்டேட் டியூட்டி' என்றவுடன் தோட்டத்துக்கு விதிக்கும் வரி என எண்ணிவிடக் கூடாது. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தின்மீது விதிக்கப்பட்ட மரண வரியே அது. நம் நாட்டில் 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட இவ்வரி 1-11-1991 முதல் நீக்கப்பட்டது. இந்தியாவும் 1985ஆம் ஆண்டிலேயே இதனை நீக்கிவிட்டது. எனவே, "பெயர் மாற்றப் போனால் அரசாங்கம் பாதியை எடுத்துக்கொள்ளும்" என்று அஞ்சித் தந்தையின் பெயரிலேயே பட்டாவை விட்டுவைப்பதற்குக் காரணம் ஏதுமில்லை.

காலம் கடத்தினால் கேடே விளையும். தந்தை இறந்து, பின்னர் மகனும் இறந்தால், பேரப்பிள்ளைகள் வரை அனைவருடைய சான்றிதழ்களையும் கையொப்பங்களையும் தேட நேரும். இறந்தவர் பெயரில் உள்ள வீட்டை விற்கவும் இயலாது. அடகு வைக்கவும் இயலாது.

யாருக்கு எவ்வளவு?

முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பங்குகளை வகுக்கிறது. வீடு முழுவதும் மனைவிக்கே சேரும் என எண்ணுவது தவறு. 240,000 வெள்ளி மதிப்புள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இல்லையெனில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 80,000 வெள்ளி. பிள்ளைகளுக்கு 160,000 வெள்ளி. பெற்றோர் இருந்தால் மனைவிக்குக் காற்பங்கு, பெற்றோருக்குக் காற்பங்கு, பிள்ளைகளுக்கு அரைப்பங்கு. பிள்ளைகளுள் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1-3-1982 முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் பதிவு செய்யப்படுதல் வேண்டும். அதற்குப் பின் கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்டவரின் மனைவி, கணவன் இறந்தபின் தம் பங்கைக் கேட்க முடியாமல் தவிக்க நேரிடும். பதிவு செய்யாதோர் இன்றே பதிவுத் துறையை நாடுவாராக.

உயில் எழுதினால் நம் விருப்பப்படி பங்கிடலாம். எழுதுபவர் 18 வயது நிரம்பியவராகவும் தெளிந்த மனமுடையவராகவும் இருந்து, இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். சொத்தைப் பெறுபவரோ அவருடைய கணவன் அல்லது மனைவியோ சாட்சியாக இருந்தால் அவருக்குரிய பங்கு செல்லாது. சேமநிதிக்கு வாரிசு குறித்திருப்பது அப்பணத்துக்கு மட்டுமே, வீட்டுக்குப் பொருந்தாது.

உயிலின்றி இறந்தவர் விட்ட மொத்தச் சொத்தின் மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்கு மேற்படாமலும், அதில் வீடோ நிலமோ அடங்கியும் இருந்தால், 'சிறு சொத்து' முறையில் மாவட்ட நில அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். 20 லட்சம் வெள்ளியாக இருந்த இந்த வரம்பு 2024 ஜூலையில் உயர்த்தப்பட்டது. வழக்கறிஞரை அமர்த்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இன்றே செய்வோம்

நிலப்பட்டா, காப்புறுதிப் பத்திரம், இரு வரிகளின் ரசீதுகள், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உயில் இருப்பின் அதுவும் என இவற்றை ஒரே பெட்டியில் வைப்போம். பெட்டி எங்கே இருக்கிறது என்பதை மனைவியும் மூத்த பிள்ளையும் அறிந்திருக்கட்டும். வரும் விடுமுறை நாளில் குடும்பத்தோடு அமர்ந்து ஒவ்வோர் ஏட்டையும் படித்துப் பார்ப்போம். இருட்டோடு எழுந்து மரம் சீவி ஈட்டிய வீடு நம் பிள்ளைகளின் கைக்குக் குறைவின்றிச் சேர வேண்டுமானால், அதற்குரிய காவல் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.