ஆராய்ச்சிக் கட்டுரையும் அரங்கேற்றமும்

பண்டைத் தமிழகத்தில் ஒரு புலவர் ஏட்டில் எழுதி முடித்த அளவில் நூல் நூலாகிவிடவில்லை. கற்றோர் அவையில் அதனை அரங்கேற்ற வேண்டும்; எழும் தடைகளுக்கு விடை கூற வேண்டும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. இன்றைய அறிவியல் உலகிலும் அத்தகைய அவை உண்டு. ஆனால், பெரும்பாலும் அவையில் இருப்போர் முகம் நமக்குத் தெரியாது.

நாம் அனுப்பும் கட்டுரையை இதழாசிரியர் முதலில் பார்ப்பார். தம் இதழுக்கு ஏற்றதன்று எனக் கண்டால் அப்போதே திருப்பிவிடுவார். ஏற்றதாயின், அத்துறையில் உழைக்கும் இருவர் அல்லது மூவருக்கு அனுப்புவார். இவர்களே மதிப்பீட்டாளர்கள். இவர்களுக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. தம் பணிக்கிடையே படிப்பவர்கள். ஆதலின் திங்கள் பல கழியும். பிறகு ஏற்பு, சிறு திருத்தம், பெருந்திருத்தம், மறுப்பு என்னும் நான்கில் ஒன்று வரும். பெருந்திருத்தம் என்று கண்டதும் மறுப்பே வந்துவிட்டதாக எண்ணிக் கட்டுரையைப் பெட்டியில் பூட்டிவைக்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அது மறுப்பன்று. மீண்டும் வருக என்னும் அழைப்பு அது.

கணித மேதை இராமானுசனுக்கு நேர்ந்ததைக் காண்போம். 1911 ஆம் ஆண்டு, தம் இருபத்து மூன்றாம் வயதில், பெர்னோலி எண்களின் பண்புகளைப் பற்றிய தம் முதற் கட்டுரையை இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் வெளியிட்டார். அதன் ஆசிரியர் பெங்களூர் எம். டி. நாராயண ஐயங்கார். மதிப்பீட்டாளர் செய்யும் பணியை அன்று அவரே செய்தார். கட்டுரை ஒருமுறையன்று, பலமுறை இருவருக்கும் இடையே போய்வந்தது. முடிவுகளில் புதுமை இருந்தது. ஆனால் இடைப்படிகள் இல்லை. இராமானுசனுக்கு வெளிப்படையாய்த் தோன்றியது படிப்பவர்க்கு இருளாய் இருந்தது. ஐயங்கார் சலிக்கவில்லை; இராமானுசனும் கட்டுரையைக் கைவிடவில்லை. சென்னையில் வேலை தேடித் திரிந்த, பட்டமில்லாத அந்த இளைஞரின் பெயர் அதன்பின்னரே கணிதவல்லோரிடையே பரவலாயிற்று. கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு அவர் மடல் வரைந்தது 1913 சனவரியில்தான்.

இத்துணைத் திருத்தத்திற்குப் பின்னும் ஒரு பிழை அதில் தங்கிவிட்டது! ஒவ்வொரு பெர்னோலி எண்ணையும் அதன் வரிசை எண்ணால் வகுத்துச் சுருக்கினால் மேலே நிற்கும் எண் பகா எண் என்று அவர் எழுதினார். இருபதாம் எண்ணில் அது பொய்க்கிறது. அங்கே மேலே நிற்பது 174611. அது 283, 617 என்னும் இரண்டின் பெருக்கம். ஆகவே மதிப்பீடு என்பது உண்மைக்கு முத்திரையன்று. ஒரு சல்லடை, அவ்வளவே.

பெரியோரும் இச்சல்லடையைக் கண்டு சினந்ததுண்டு. 1936 இல் ஐன்சுடைன், ரோசன் என்பவருடன் எழுதிய கட்டுரை ஒன்றை அமெரிக்காவின் ‘பிசிக்கல் ரிவியூ’ இதழுக்கு அனுப்பினார். ஈர்ப்பலைகள் இல்லை என்பது அதன் முடிவு. ஆசிரியர் சான் டேட் அதனை மதிப்பீட்டாளருக்கு அனுப்பினார். பல தடைகள் எழுந்தன. தம் இசைவின்றிப் பிறரிடம் காட்டியதற்குச் சினந்து ஐன்சுடைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பின்னர்த் தவற்றை உணர்ந்து, முடிவை மாற்றியே 1937 இல் வேறோர் இதழில் வெளியிட்டார். மதிப்பீட்டாளர் ராபர்ட்சன் என்பது நெடுங்காலம் கழித்து வெளிவந்தது. 2015 இல் அந்த அலைகளைக் கருவிகளே உணர்ந்தன.

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த எம்போன்றோர்க்கு ஒரு தனி இடர் உண்டு. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலம். ‘மொழி திருந்த வேண்டும்’ என்று மதிப்பீட்டாளர் எழுதும் ஒரு வரி நெஞ்சில் தைக்கும். கொழுந்து நிறுக்குமிடத்தில் முற்றிய இலையைக் கழிப்பவர் பறித்தவரை வெறுத்துக் கழிப்பதில்லை. (சில கணக்கப்பிள்ளைமார் இதற்கு விலக்கு, சில மதிப்பீட்டாளரும் அப்படியே.) குறையெல்லாம் மொழிக்குறை என்று எண்ணுவதும் தவறு. பல இடங்களில் விடுபட்டிருப்பது இலக்கணமன்று, ஒரு படி.

மறுமொழி எழுதும் முறை எளிது. கிடைத்த அன்றே எழுதாதீர்கள். இரண்டு நாள் ஆறப்போடுங்கள். பிறகு அவர் கூறிய ஒவ்வொன்றையும் அப்படியே எடுத்தெழுதி, அதன்கீழ் உங்கள் விடையையும், திருத்திய பக்கத்தையும் வரியையும் குறியுங்கள். அவர் சொன்னது சரியெனில் திருத்திவிட்டு நன்றி கூறுங்கள். தவறெனில் சான்றுடன் பணிவாய் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். அவர் பிறழ உணர்ந்திருந்தால், அவ்வாறு உணரும்படி நம் வாக்கியம் அமைந்ததோ என்று பாருங்கள். ஒரே கட்டுரையை ஒரே வேளையில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது முறையன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று நாளில் ஏற்பு, பணம் கட்டினால் அச்சு என்று நமக்கு மடல் விடும் இதழ்கள் பெருகிவிட்டன. பல்கலைக் கழக மானியக் குழு நல்ல இதழ்களுக்கென வைத்திருந்த பட்டியலையும் 2025 இல் கைவிட்டுவிட்டது. தோட்டத்தில் நாட்கூலி பெறுவோர் வீட்டுப் பணம் இத்தகையோரிடம் போகலாகாது. ஓர் இதழை ஐயுற்றால் அதன் பழைய கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். நல்ல இதழ்கள் பலவற்றில் கட்டுரை வந்த நாள், திருத்தி வந்த நாள், ஏற்ற நாள் மூன்றும் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றிடையே எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு வழிகாட்டிப் பேராசிரியரைக் கேளுங்கள்.