ஆர்லுக்குப் போன பன்னிரண்டு படங்கள்

பிரான்சின் தெற்கே, ரோன் ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர் ஆர்ல். வான்கோ ஓராண்டுக்கு மேல் தங்கி ஓவியம் தீட்டிய ஊர். 1970 முதல் கோடைதோறும் அங்கே புகைப்படத் திருவிழா நடக்கிறது. பழைய தேவாலயங்கள்கூடக் கண்காட்சிக் கூடங்களாகிவிடும். திருவிழாவின் பெரிய அரங்குகளுக்கு வெளியே, சிறிய அறைகளை வாடகைக்கு எடுத்தும் பலர் படம் மாட்டுவார்கள். அப்படி ஓர் அறையில்தான் மதுரையில் கல்யாணப் படம் எடுக்கும் நாங்கள் மூவர் 12 படங்களை வைத்தோம்.

தொடக்க வாரம் ஜூலை முதல் வாரத்தில் வரும். நமக்கு அது ஆனி மாதம், நல்ல முகூர்த்தங்கள் உள்ள காலம். ஆளுக்கு இரண்டு ஆர்டரை விட்டோம். போக நினைப்பவர்கள் தை மாதமே தேதியைக் குறித்துவிட்டு, அந்த நாட்களுக்கு அட்வான்ஸ் வாங்காமல் இருங்கள்.

முதலில் நான் எடுத்துவைத்த 40 படங்களும் மேடைப் படங்கள். தாலி கட்டும் நொடி, அட்சதை மழை, மாலை மாற்றுதல். எங்களில் மூத்தவர் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஆல்பத்துல இருக்கு. ஆல்பத்துல வராததை எடுப்பா" என்றார். பழைய ஹார்டு டிஸ்குகளை மறுபடி திறந்தோம். விடிகாலைச் சமையல்கட்டில் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று நெற்றியைத் துடைக்கும் மாஸ்டர். வாசிப்பு முடிந்து தூணில் சாய்ந்து தூங்கும் தவில்காரர். மகளை அனுப்பிவிட்டு, காலியான மண்டபத்தில் உட்கார்ந்து வாடகைக் கணக்கைப் பார்க்கும் அப்பா. ஆர்லில் ஆட்கள் அதிக நேரம் நின்றது அந்த அப்பாவின் முன்னால்தான். அவர் யார் என்று சொன்ன பிறகு, ஓர் அம்மா திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தார்.

படத்தை எடுத்தது நாம்தான். ஆனால் அதில் இருப்பது அவர்கள் வாழ்க்கை. கல்யாணத்துக்கு வாங்கிய அட்வான்ஸ் கண்காட்சிக்கான அனுமதி ஆகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் பிரிண்டோடு போய்க் கையெழுத்து வாங்கினோம். அந்த அப்பா, "என் படம் போகட்டும் தம்பி. மகளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்றார். மணப்பெண் அழும் ஒரு படத்துக்கு அவள் அம்மா வேண்டாம் என்றார். எங்களிடம் இருந்ததிலேயே சிறந்த படம் அது. அதை நீக்கிவிட்டோம். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

பயண வேலைகளில் சில. ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்; 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஃபிரேம் போட்டு எடுத்துப் போகாதீர்கள். எடையும் கண்ணாடியும் தொல்லை. நாங்கள் பிரிண்டுகளை 3 அங்குலக் குழாயில் இறுக்கிச் சுருட்டியதால் அவை சுவரில் நிமிரவே இல்லை. இரண்டு இரவு மெத்தைக்கு அடியில் வைத்துச் சரிசெய்தோம். 6 அங்குலக் குழாய் வாங்குங்கள். கேமரா பேட்டரிகளைக் கைப்பையில் வையுங்கள். நிறைய படைப்புகளைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருபவர்கள், சுங்கத்துக்கான ஏடிஏ கார்னே ஆவணம் பற்றி, தொழில் வர்த்தகக் கூட்டமைப்பான ஃபிக்கியிடம் கேளுங்கள். இந்தியாவில் அதைத் தருவது அவர்கள்தான்.

ஊர் திரும்பியதும் 12 பிரிண்டுகளையும் ஃபிரேம் போட்டு, படத்தில் இருப்பவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம்.