மீன்களின் உணவும் சந்ததி வளர்ப்பும்

மேச்சேரியினின்றும் மேற்கே ஏறக்குறையப் பத்து மைல் செல்வோர் மேட்டூரணையைக் காண்பர். 1925-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 1934-ஆம் ஆண்டில் நிறைவுற்ற அவ்வணையின் நீர்ப்பரப்பைக் கண்டு வியவாதார் இலர். ஆயின், நீரினுள் வாழும் மீன்கள் எவ்வாறு உண்கின்றன, எவ்வாறு தம் இனத்தைப் பெருக்குகின்றன என ஆராய்வார் சிலரே. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் மாணவர் நம்மிடைப் பலராதலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் உணவை நோக்குவோம். மீனின் வாயமைப்பே அதன் இரையைத் தெரிவிக்கும். மேல்நோக்கிய வாயுடைய கட்லா, மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும். ரோகு இடைநீரில் மேயும். கீழ்நோக்கிய வாயுடைய மிருகால், அடியில் மட்கிய பொருள்களைத் தின்னும். இம்மூன்றும் ஒரே குளத்தில் பகையின்றி வாழ்தற்குக் காரணம் இதுவே. கெளுத்தியோ செதிலற்றது, பெரும்பாலும் இரவில் இரை தேடுவது. அதன் மீசைகள் அழகின்பொருட்டு அமைந்தவையல்ல. அவற்றிற் சுவையறியும் உறுப்புக்கள் உள. கலங்கல் நீரிலும் காரிருளிலும் புழு, பூச்சி முதலியவற்றை அவற்றின் துணையாலேயே அது கண்டறியும்.

இனி, இனப்பெருக்கத்தை ஆராய்வோம். கட்லா முதலிய பெருங்கெண்டைகள், மழைவெள்ளம் பெருகுங்கால் இலட்சக்கணக்கான முட்டைகளை ஆற்றில் விடுத்து அகன்றுவிடும். தேங்கிய குளத்தில் அவை இயல்பாக முட்டையிடா. ஆதலின், குஞ்சுகளை ஆற்றிலிருந்தே சேகரிக்க வேண்டியிருந்தது. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒடிஷாவில் ஹிராலால் சௌதுரியும் அலிக்குஞ்ஞியும், மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். இன்றைய மீன்பண்ணைகளுக்கு அதுவே அடிகோலிற்று.

விரால் இதற்கு மாறானது. நீர்ச்செடிகளை விலக்கி இடஞ்செய்து, அங்கே மிதக்கும் முட்டைகளையும், பின்னர்ச் செந்நிறக் கூட்டமாய்த் திரியும் குஞ்சுகளையும் தாய்தந்தையர் காத்து நிற்கும். 1952-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொணரப்பட்ட ஜிலேபிக் கெண்டையில், தாயே முட்டைகளை வாயில் வைத்துப் பொரிக்கும். கடற்கெளுத்தியிலோ இக்கடமை தந்தையுடையது. குஞ்சுகள் வளருமளவும் அது பெரும்பாலும் உண்ணாது பொறுத்திருக்கும். தென்னமெரிக்காவினின்றும் நம் தொட்டிகளுக்கு வந்த கொரிடோராஸ் என்னுஞ் சிறு கெளுத்தி, முட்டைகளை வயிற்றுத் துடுப்புக்களிடையே ஏந்திச் சென்று கண்ணாடியில் ஒட்டிவைக்கும். பின் அவற்றைப் பேணாது.

இவற்றால் ஓர் உண்மை புலனாகின்றது. காவாத மீன் மிகுதியாக ஈனும்; காக்கும் மீன் அளவாக ஈனும். ஆகவே, குஞ்சுகளோடு நிற்கும் விராலைத் தூண்டிலிற் பிடிப்பவன் ஒரு மீனை மட்டும் கொல்வானல்லன். காவலிழந்த அக்கூட்டத்தையே பிற மீன்களுக்கு இரையாக்குகின்றான்.

தொட்டியில் வளர்ப்போரும் இரண்டு கருத்துக்களை மனத்திற் கொள்வாராக. சில நிமிடங்களில் உண்ணத்தக்க அளவே இரையிடுக. எஞ்சியது அழுகி நீரைக் கெடுக்கும். வளர்த்துச் சலித்த அயல்நாட்டு மீனை ஏரியிலோ ஆற்றிலோ விடாதொழிக. கண்ணிற் பட்டவற்றையெல்லாம் விழுங்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியின் வளர்ப்பை அரசினர் 2000-ஆம் ஆண்டில் தடை செய்ததும் நம் நாட்டு மீன்களைக் காத்தற்பொருட்டே. தொட்டி நம்முடையது, காவிரியோ நமக்குப் பின் வருவோர்க்கும் உரியது.